பக்கவாத்தியம்: மிடியா, ஒலிப்பதிவா?

ஆடி மாதத்து இரவு ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். எண்ணூரில் கொசஸ்தலையாறு கடலோடு கலக்கும் இடத்தில் முகத்துவாரக்குப்பம் இருக்கிறது. ஒரு பக்கம் அலை; ஆற்றுக்கு அக்கரையில் அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள். அம்மனுக்குக் கூழ் ஊற்றி முடிந்துவிட்டது. பந்தலுக்குள் ஒரு சிறு மேடை. பள்ளி மாணவி ஒருத்தி பாட வந்து நிற்கிறாள். பக்கவாத்தியக்காரர் எவரும் இல்லை. மிக்சர் அருகில் நிற்பவர் கையில் ஒரு பென் டிரைவ் இருக்கிறது. பாட்டின் குரலை மட்டும் விட்டுவிட்டு மற்ற இசை முழுவதும் அதில் 'டிராக்' ஆகப் பதிவாகியிருக்கிறது.

டிராக் தொடங்குகிறது. அது ஆண் குரலுக்காக அமைந்தது. இரண்டு வரி பாடுவதற்குள் மாணவியின் குரல் கீழே அமுங்கிவிடுகிறது.

"அண்ணா, கட்டையை ஏத்திப் போடுங்கண்ணா!"

"இதுல ஏத்த முடியாதும்மா. பதிவுல எப்படி இருக்கோ, அப்படித்தான் வரும்."

இது நான் கற்பனை செய்த காட்சிதான். ஆனால் திருவிழா மேடைகளுக்கும் பள்ளி ஆண்டு விழாக்களுக்கும் போய் வரும் உங்களுக்கு இது புதிதாக இராது. டிராக்கை ஒலிப்பதிவாக வைத்துக்கொள்வதா, மிடியாக வைத்துக்கொள்வதா என்ற கேள்வி இங்கேதான் பிறக்கிறது. 'மிடியில் உயிர் இல்லை' என்பார் சிலர். 'ஒலிப்பதிவில் எதையும் மாற்ற முடியாது' என்பார் வேறு சிலர். இரண்டு குற்றச்சாட்டுகளையும் ஆராய்ந்து பார்ப்போம்.

குறிப்பும் குழம்பும்

தமிழில் 'மிடி' என்றால் வறுமை. நாம் பேசும் மிடிக்கும் அதற்கும் தொடர்பு இல்லை. இது இசைக்கருவிகளை இலக்கமுறையில் இணைக்கும் ஓர் ஏற்பாட்டின் சுருக்கப் பெயர். 1980-களின் தொடக்கத்தில் ஒவ்வொரு நிறுவனத்தின் மின்னிசைக் கருவியும் தனக்கென ஒரு மொழி பேசிவந்தது. அமெரிக்காவின் சீக்வென்ஷியல் சர்க்யூட்ஸ் நிறுவனத்தைச் சேர்ந்த டேவ் ஸ்மித், ஜப்பானின் ரோலண்டு நிறுவனத்தைச் சேர்ந்த இக்குத்தாரோ காக்கேஹாஷி ஆகியோரின் முயற்சியால் அவற்றுக்கு ஒரு பொதுமொழி உருவாயிற்று. 1983 ஜனவரியில் கலிபோர்னியாவில் நடந்த ஒரு கண்காட்சியில் இவ்விரு நிறுவனங்களின் கருவிகளையும் ஒரு கம்பியால் இணைத்தார்கள். ஒன்றை வாசித்தபோது மற்றதும் ஒலித்தது.

அந்தக் கம்பியில் ஓடியவை வெறும் கட்டளைகள். ஒரு சுரத்தை ஒலிக்கச் செய்ய மூன்று எண்கள் போதும். 'இன்ன வரிசையில் உள்ள கருவியே, ஒலி' என்பது முதல் எண். எந்தச் சுரம் என்பது இரண்டாவது. எவ்வளவு அழுத்தமாக என்பது மூன்றாவது. சுரத்துக்கும் அழுத்தத்துக்கும் 0 முதல் 127 வரை எண்கள் உண்டு. நம் பாடகர்கள் '1 கட்டை' என்று சொல்லும் சுரத்தின் எண் 60.

ஒலிப்பதிவின் வழி வேறு. காற்றின் அழுத்தம் ஏறி இறங்குவதை அது அப்படியே அளந்து எழுதுகிறது. குறுந்தகட்டின் தரத்தில் வினாடிக்கு 44,100 முறை, இரண்டு தடங்களுக்கும் தனித்தனியே அளக்கப்படுகிறது. 4 நிமிடப் பாட்டுக்கு ஏறத்தாழ 4 கோடியே 23 லட்சம் பைட் இடம் தேவை. அதே பாட்டில் 5,000 சுரங்கள் இருப்பதாகக் கொண்டால், மிடியில் 50,000 பைட்டுக்குள் எழுதிவிடலாம். அதாவது ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்கு. ஒரு காலத்தில் மிடியின் பெரிய பலமாக இது கருதப்பட்டது. சட்டைப்பைக்குள் ஆயிரக்கணக்கான பாடல்கள் அடங்கும் இன்றைக்கு இந்த வாதம் வலுவிழந்துவிட்டது.

மிடி என்பது மீன் குழம்பு வைப்பதற்கான குறிப்பு. ஒலிப்பதிவு, வைத்து இறக்கிய குழம்பு. குறிப்பில் புளியைக் குறைக்கலாம், காரத்தைக் கூட்டலாம். ஆனால் வீட்டுக்கு வீடு ருசி மாறும். இறக்கிய குழம்பு எங்கே எடுத்துப் போனாலும் ஒரே ருசிதான். ஆனால் அதில் விழுந்த உப்பை எடுக்க முடியாது.

கட்டை மாற்றும் கணக்கு

மேடையில் நிற்கும் மாணவிக்கு வருவோம். டிராக் 1 கட்டையில் இருக்கிறது. அவளுக்கு வேண்டியது 5 கட்டை என்று வைத்துக்கொள்வோம். ஹார்மோனியத்தில் எண்ணிப் பாருங்கள்: கறுப்பையும் வெள்ளையையும் சேர்த்து 7 அரைச்சுரங்கள் ஏற வேண்டும். மிடியில் இது வெறும் கூட்டல் கணக்கு. 60 இருக்கும் இடத்தில் 67. எல்லாச் சுரத்தோடும் 7-ஐக் கூட்டினால் முடிந்தது. வேகம் மாறாது.

ஒரே ஒரு கண்ணி உண்டு. பொது மிடித் தரத்தில் 10-ஆவது வரிசை தாளக் கருவிகளுக்கு ஒதுக்கப்பட்டது. அங்கே எண் என்பது கருவியின் பெயர், சுரத்தைக் குறிப்பதில்லை. 42 என்றால் மூடிய சிம்பல். அதோடும் 7-ஐக் கூட்டிவிட்டால் 49 ஆகிவிடும். அது பெரிய வெடிப்புச் சிம்பல். மெல்லத் தட்டிக்கொண்டிருந்த தாளம், ஒவ்வொரு தட்டுக்கும் பாத்திரக் கடையில் தட்டு சரிந்தது போல முழங்கும். ஆகவே 10-ஆவது வரிசையைத் தொடாமல் மற்றவற்றை மட்டும் ஏற்ற வேண்டும்.

ஒலிப்பதிவில் என்ன ஆகும்? பழைய ஒலிநாடாவைப் போல ஓட்டத்தை வேகப்படுத்தினால் சுருதி ஏறும். கூடவே பாட்டின் நேரமும் சுருங்கும். ஒவ்வோர் அரைச்சுரத்துக்கும் வேகம் ஏறத்தாழ 6 விழுக்காடு கூட வேண்டும். 7 அரைச்சுரம் ஏற்றினால் வேகம் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. 4 நிமிடப் பாட்டு 2 நிமிடம் 40 வினாடியில் முடிந்துபோகும்.

நேரத்தை மாற்றாமல் சுருதியை மட்டும் மாற்றும் வழியும் இருக்கிறது. அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தினர் 1966-இலேயே இதற்கான ஒரு முறையை வெளியிட்டனர். இன்று கைப்பேசிச் செயலிகளே இதைச் செய்கின்றன. இவ்வகை முறைகள் ஒலியைச் சிறு சிறு துண்டுகளாகப் பகுத்து, மாற்றி, மீண்டும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குகின்றன. ஓர் அரைச்சுரம், ஒரு முழுச்சுரம் என்றால் காதுக்குத் தெரியாமல் போகும். 7 அரைச்சுரம் என்றால் குட்டு வெளிப்படும். மிருதங்கத்தின் அடி சில மில்லி வினாடிகளுக்குள் எழுந்து முடிவது. துண்டுகளை அடுக்கும்போது அதன் கூர்மை மழுங்கும். வீணையின் குடம் எந்தச் சுரத்தை மீட்டினாலும் தன் அளவில் மாறாமல் அதிர்வது. சுருதியை ஏற்றினால் அந்த அதிர்வும் சேர்ந்து ஏறி, குடம் சுருங்கிப்போன வீணை போலக் கேட்கும். பின்னணிக் குரல்களோ பொம்மைப் படக் குரல்களாகிவிடும்.

பழைய பதிவிலிருந்து குரலை மட்டும் பிரித்தெடுக்கும் நிரல்களும் வந்துவிட்டன. 2019-இல் பிரெஞ்சு நிறுவனமான டீசர் வெளியிட்ட 'ஸ்பிளீட்டர்' அவற்றுள் ஒன்று. உப்பைப் பிரிக்கும் வித்தைதான். ஆயினும் பிரித்த இடத்தில் தழும்பு தெரியாமல் இருப்பதில்லை. கட்டை மாற்றும் தேர்வில், ஐயமின்றி மிடிக்கே வெற்றி.

முகத்துவாரத்துப் பாட்டு ஒன்று

அடுத்த தேர்வுக்கு இதே ஊரோடு சேர்ந்த பாட்டு ஒன்றை எடுத்துக்கொள்வோம். 2017 ஜனவரியில் 'சென்னை புறம்போக்குப் பாடல்' வெளிவந்தது. எண்ணூர்க் கழிமுகத்தில் படமாக்கப்பட்டது. சென்னைப் பேச்சுத் தமிழில் கபேர் வாசுகி எழுத, ஆர்.கே. ஸ்ரீராம்குமார் இசையமைக்க, டி.எம். கிருஷ்ணா பாடினார். புறம்போக்கு என்ற சொல் வசைச்சொல்லானது எப்படி, எவருக்கும் சொந்தமில்லாமல் எல்லாருக்கும் உரியதாக இருந்த நீரும் நிலமும் என்ன ஆயின என்று கேட்கும் பாட்டு அது. ஆனந்தபைரவியில் தொடங்கி, பேகடா முதலிய இராகங்கள் வழியாகச் செல்லும் இராகமாலிகை.

முகத்துவாரக்குப்பத்துப் பிள்ளைகள் இதைத் தங்கள் மேடையில் பாட விரும்பினால் எந்த டிராக் உதவும்?

ஆனந்தபைரவியின் காந்தாரம் ஓரிடத்தில் அசையாமல் நிற்பதில்லை. பேகடாவின் நிஷாதம் கைசிகிக்கும் காகலிக்கும் இடையே தனக்கென ஓர் இடம் பிடித்துக்கொள்கிறது. கீபோர்டில் அந்த இடத்துக்குக் கட்டை கிடையாது. இரு கட்டைகளுக்கு நடுவே உள்ள சந்தில் அது வாழ்கிறது.

இந்தச் சண்டை மிடியோடு தொடங்கியதன்று. கமகத்துக்கும் சுருதி நுட்பத்துக்கும் ஒவ்வாதது என்று சொல்லி 1940-இல் அகில இந்திய வானொலி ஹார்மோனியத்துக்குத் தடை விதித்தது. அது தளர 1971 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அன்று ஹார்மோனியத்தின்மேல் சொல்லப்பட்ட குற்றம்தான் இன்று மிடியின்மேல் சொல்லப்படுகிறது.

ஆனால் ஹார்மோனியத்தையும் மிடியையும் ஒரே கூண்டில் நிறுத்துவது நியாயமாகாது. மிடியில் சுரத்தை வளைக்கத் தனிக் கட்டளை உண்டு. அது 16,384 படிகள் கொண்டது. வழக்கமான அமைப்பில், மேலே இரண்டு அரைச்சுரம், கீழே இரண்டு அரைச்சுரம் என்ற எல்லைக்குள் இத்தனை படிகள். அதாவது ஓர் அரைச்சுரத்துக்குள் 4,096 படிகள். எந்தக் காதும் பிரித்தறிய முடியாத நுட்பம் இது. பேகடா நிஷாதத்தை எண்ணில் எழுத முடியாது என்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

அப்படியானால் கேட்கும்போது ஏன் கட்டை கட்டையாக ஒலிக்கிறது? காரணங்கள் இரண்டு. ஒன்று, வளைவுக் கட்டளை அந்த வரிசையில் ஒலிக்கும் எல்லாச் சுரங்களையும் சேர்த்தே வளைக்கும். காந்தாரத்தை அசைத்தால், அதே வரிசையில் ஒலிக்கும் சுருதியின் சட்ஜமும் சேர்ந்து ஆடும். சுருதியைத் தனி வரிசைக்கு மாற்றி இதைத் தவிர்க்கலாம். 2020-இல் வெளிவந்த இரண்டாம் மிடித் தரத்தில் ஒவ்வொரு சுரத்தையும் தனித்தனியே வளைக்க வழி செய்துவிட்டார்கள். மற்றொரு காரணம்தான் பெரியது. அந்த வளைவை ஒருவர் உட்கார்ந்து வரைய வேண்டும். ஒரு பேகடா வரிக்கு நூற்றுக்கணக்கான எண்கள். டிராக் செய்து தருபவருக்கு அதற்கு நேரமும் இல்லை, கூலியும் இல்லை. கட்டையை அழுத்துவதோடு அவர் நிறுத்திக்கொள்கிறார். வயலின் கலைஞர் ஒருவர் அதே வரியை ஒரே மூச்சில் வாசித்துவிடுவார். மைக் ஒன்று போதும், பதிவாகிவிடும். ஆகவே கமகத் தேர்வில் ஒலிப்பதிவுக்கே முதலிடம்.

128-இல் இல்லாதவை

உயிர் இல்லை என்ற குற்றச்சாட்டை இன்னும் சற்று ஆழமாகப் பார்ப்போம். ஒரு கருவியில் எழுதிய மிடி மற்றொன்றில் ஓரளவேனும் ஒத்து ஒலிக்க வேண்டும் என்பதற்காக 1991-இல் பொது மிடித் தரம் வகுக்கப்பட்டது. அதில் 128 ஒலிகளுக்கு எண் கொடுத்தார்கள். 105 சித்தார், 107 ஜப்பானிய ஷாமிசென், 110 ஸ்காட்லாந்துப் பைக்குழல், 112 ஷெனாய். 123 கடலலை, 126 ஹெலிகாப்டர், 128 துப்பாக்கி வெடி என்பனவும் உண்டு. தாளப் பகுதியில் மேலும் 47 கருவிகள்; போங்கோ, காங்கோ, பிரேசில் நாட்டுக் குயிக்கா எல்லாம் வரிசையாக இருக்கின்றன.

நாதசுரம் இல்லை. வீணை இல்லை. மிருதங்கமும் தவிலும் இல்லை. பறை இல்லை. தோலக்கும் இல்லை. குப்பத்துக் கடலலையின் ஓசைக்கு எண் இருக்கிறது. குப்பத்தில் அடிக்கும் பறைக்கு எண் இல்லை. மிடியின் மெய்யான மிடி இங்கேதான் இருக்கிறது. நாதசுரம் வேண்டிய இடத்தில் 112-ஐப் போடுகிறார்கள். பறை வேண்டிய இடத்தில் டாம் டிரம்மைப் போடுகிறார்கள். கேட்டுக் கேட்டுப் பழகிய காது, இதுதான் நாதசுரம் என்று நம்பத் தொடங்கிவிடுகிறது. பின்னாளில் இந்திய ஒலிகள் கொண்ட கீபோர்டுகளை நிறுவனங்கள் கொண்டுவந்தன. ஆனால் அந்த எண்கள் அந்தக் கருவிக்கு மட்டும் உரியவை. அதில் எழுதிய மிடியை வேறொரு கருவியில் போட்டால், தபேலா ஒலிக்க வேண்டிய இடத்தில் என்ன ஒலிக்கும் என்று சொல்ல முடியாது.

தோல் கருவி ஒன்றை எண்ணில் அடக்குவதும் எளிதன்று. மிருதங்கத்தின் வலந்தலையில் அப்பும் கரணை அதன் மேற்சுரங்களை ஒழுங்குபடுத்துகிறது என்பதை சி.வி. ராமன் 1920-லும் பின்னர் 1930-களிலும் ஆராய்ந்து காட்டினார். விரல் எங்கே படுகிறது, எவ்வளவு நேரம் தங்குகிறது என்பதைப் பொறுத்து அந்த மேற்சுரங்களின் கலவை மாறும். பறையிலோ நீண்டு மெலிந்த குச்சி ஒன்று, குட்டையான தடித்த குச்சி ஒன்று. கடற்காற்றின் ஈரத்தில் தோல் தளரும். தீயில் காய்ச்சினால் இறுகிச் சுருதி ஏறும். 'அழுத்தம் 96' என்ற ஒற்றை எண்ணுக்குள் இவற்றையெல்லாம் எப்படி அடக்குவது?

டிராக் காத்திருக்குமா?

வடசென்னை என்றால் கானாவைப் பேசாமல் இருக்க முடியாது. இறந்தவர் வீட்டில் இரவு முழுவதும் பாடுவது கானாவின் பழைய வழக்கங்களில் ஒன்று. அங்கே பாட்டின் நீளத்தைக் கடிகாரம் முடிவு செய்வதில்லை. ஒரு வரி கேட்டு யாரேனும் விம்மினால் பாடகர் அந்த வரியையே திரும்பப் பிடிப்பார். தோலக் அடிப்பவர் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே காத்திருப்பார். தோலக் இல்லையென்றால் டப்பாவோ மேசைப் பலகையோ போதும்.

4 நிமிட ஒலிப்பதிவுக்கு முகம் பார்க்கத் தெரியாது. பாடகர்தான் அதைத் துரத்திக்கொண்டு ஓட வேண்டும். மிடிக் கோப்பும் தானாகக் காத்திருக்காது. ஆனால் கீபோர்டில் அமர்ந்திருப்பவர் அதன் ஒரு பகுதியைச் சுழலவிட்டு, பாடகர் தலையசைக்கும்போது அடுத்த பகுதிக்குப் போகலாம். ஒலிப்பதிவையும் பல்லவி, சரணம் எனத் துண்டுகளாக வெட்டி வைத்துக்கொண்டால் இதே வசதி ஓரளவு கிடைக்கும். எப்படியானாலும் முகம் பார்க்க ஒரு மனிதர் வேண்டும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மிடி தாளத்தை மரக்கட்டையாக்கிவிடுகிறது என்பார்கள். பல மென்பொருள்களில் ஒரு மாத்திரையை 480 கூறுகளாகப் பகுக்கிறார்கள். நிமிடத்துக்கு 120 அடி என்ற வேகத்தில் ஒரு கூறு ஏறத்தாழ ஒரு மில்லி வினாடிதான். தோலக்காரர் எவ்வளவு தள்ளி அடித்தாலும் அந்த இழுப்பைப் பதிவு செய்ய இது போதும். மரக்கட்டையாக்குவது எது? அடிகளையெல்லாம் வரிசையில் நிறுத்தும் 'நேராக்கு' பொத்தான். பொத்தானை அழுத்துவது மனிதரின் கைதான். 1986-இல் 'புன்னகை மன்னன்' படத்துக்கு இளையராஜா கணினியின் துணைகொண்டு இசையமைத்தார். 1992-இல் 'ரோஜா' வழியாக ஏ.ஆர். ரகுமான் அறிமுகமானார். இருவருமே எந்திரத்துக்குரியதை எந்திரத்திடமும், கலைஞருக்குரியதைக் கலைஞரிடமும் கொடுத்தவர்கள். குறைந்த செலவில் டிராக் செய்பவர்கள் அவர்களிடமிருந்து முதல் பாதியை மட்டும் கற்றுக்கொண்டார்கள் என்பதே என் குறை.

எதைத் தேர்வது?

இப்போது தீர்ப்புக்கு வரலாம். முழுப் பாட்டுக்கும் ஒரே முறையைத் தேர்வதுதான் தவறு. எது மாற வேண்டும், எது மாறக் கூடாது என்று முதலில் பிரித்துக்கொள்ளுங்கள்.

சுருதி, கீழ்ச்சுரங்கள், சுரக்கூட்டுகள் ஆகியவை பாடுபவரின் கட்டைக்கு ஏற்ப மாற வேண்டியவை. இவற்றை மிடியில் வைத்துக்கொள்ளுங்கள். வயலின், நாதசுரம் போலச் சந்துகளில் வாழும் இசையை ஒலிப்பதிவு செய்யுங்கள். பறை, டப்பா போன்ற திட்டமான சுரமில்லாத தாளக் கருவிகள் எந்தக் கட்டைக்கும் பொருந்தும். ஒரு முறை பதிவு செய்துவிட்டால் 1 கட்டைக்கும் 5 கட்டைக்கும் அதுவே போதும். வேகம் மட்டும் ஒத்துப்போக வேண்டும். மிருதங்கம் சுருதி கூட்டிய கருவி. அதைக் கட்டைக்குக் கட்டை தனியே பதிவு செய்ய வேண்டும்.

மேடைக்குப் போகும்போது மிடிக் கோப்பை நம்பிப் போகாதீர்கள். அங்கே இருக்கும் கருவி எப்படி ஒலிக்கும் என்று தெரியாது. வீட்டிலேயே இரண்டு மூன்று கட்டைகளில் தனித்தனி ஒலிப்பதிவாக மாற்றி எடுத்துச் செல்லுங்கள். மூல மிடியையும், ஒவ்வொரு கருவியின் தனிப் பதிவையும் அழிக்காமல் வைத்திருங்கள். அடுத்த ஆண்டு வேறொரு பிள்ளை வேறொரு கட்டையில் பாட வருவாள்.

தோலக்கும் பறையும் பதிவு செய்ய உங்கள் ஊர்க்காரரையே அழையுங்கள். அவருக்குரிய கூலியைக் கொடுங்கள். அந்த ஒலி எத்தனை மேடைகளில் ஒலிக்கப்போகிறது என்பதையும் முன்கூட்டியே அவரிடம் சொல்லுங்கள்.

இந்தக் கட்டுரையை நம்பித்தான் ஆக வேண்டும் என்பதில்லை. நீங்களே சோதித்துப் பார்க்கலாம். உங்கள் பாட்டியையோ அம்மாவையோ ஒரு தாலாட்டுப் பாடச் சொல்லிக் கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். அதே மெட்டைக் கைப்பேசியில் உள்ள கீபோர்டுச் செயலியில் வாசியுங்கள். எந்தெந்த இடத்தில் விரலுக்குக் கட்டை கிடைக்கவில்லை என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு உங்கள் ஊரில் திருவிழாவுக்கும் திருமணத்துக்கும் சாவுக்கும் வாசிக்கும் கருவிகளின் பெயர்களை ஒரு தாளில் எழுதி, அந்த 128-லும் 47-லும் எத்தனை இருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். உங்கள் டிராக்கில் எதைப் பதிவு செய்தே ஆக வேண்டும் என்பது அந்தத் தாளிலேயே இருக்கும்.